நர்ஸ் தெரேஸ் தூக்கிப் பார்த்த குழந்தைகள்

ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் மீன் கொண்டுவரும் கன்னியம்மா, போன செவ்வாய்க்கிழமை கூடை இல்லாமல் வந்தார். பத்து வருடத்துக்கு மேலாக அவர் எங்கள் தெருவுக்கு வருகிறார். தலையில் கூடை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. 

"நர்சம்மா பூட்டாங்க சார்," என்றார். "விடியகாலைல. நேத்து சாயங்காலம் நான்தான் தூக்கி உக்கார வெச்சி ரெண்டு வாய் கஞ்சி குடுத்தேன். எடையே இல்ல சார். கொழந்தயத் தூக்குற மாதிரி இருந்துச்சி."

குப்பத்தில் அன்று யாரும் மீன் விற்கப் போகவில்லை என்றும், எனக்குச் சொல்ல வேண்டும் என்று தானே கேட்டுக்கொண்டு வந்ததாகவும் சொன்னார். வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் மனைவிதான் கொடுத்தாள்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் வைத்திக்குப்பத்துக் கொட்டகையில் தெரேஸ் ஊற்றிய கஞ்சியைக் குடித்தவர்கள். சிலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். உங்களுக்கு அவர் குணத்தை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் அந்தக் கொட்டகைக்குத் திட்ட அலுவலராக வந்தேன். பொருளாதாரம் படித்தவன், சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பவன். வெளிநாட்டிலிருந்து கோதுமை ரவையும் பால் பவுடரும் எண்ணெயும் கப்பலில் வந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கு முன்பே தெரேஸ் அங்கே நர்ஸாக இருந்தார். ஒரே வயது எங்களுக்கு, அவர் நாலு மாதம் மூத்தவர். காலை பத்து மணிக்கு அவர் அண்டாவைத் திறப்பார். முதல் கரண்டியைத் தன் கிண்ணத்தில் ஊற்றி நின்றபடியே குடிப்பார். பிறகு வரிசையில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஊற்றுவார். யார், எந்த வீடு, எத்தனை பிள்ளை, ஒன்றும் கேட்க மாட்டார்.

முதல் வாரமே எனக்கு எரிச்சல் வந்தது. "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் மிஸ் தெரேஸ்," என்றேன். "யாருக்கு நிஜமாகவே பசின்னு தெரியாம ஊத்திக்கிட்டே இருந்தா பசி எப்படி ஒழியும்?"

"இங்க ஆறு இல்லியே சார், கடல்தானே," என்றார். "பசிக்கு எதுக்கு அத்தாட்சி? பசி இல்லாதவன் எவன் இந்தக் கோதுமக் கஞ்சிக்கு வெயில்ல வந்து குந்துவான்?"

அந்தக் கோதுமைக் கஞ்சியின் ருசி தெரிந்தவர்களுக்கு அவர் வாதத்தின் பலம் புரியும். ஆனால் நான் விடவில்லை. ஒரு தொங்கு தராசு வரவழைத்தேன். வட்ட முகத்தில் முள் சுற்றும் தராசு. கீழே கொக்கியில் துணித் தொட்டில் மாட்டிக் குழந்தையை அதில் உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை போட்டேன். எடை குறைந்த குழந்தைக்கு உணவு உண்டு. எடை தேறிவிட்டால் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அந்த இடத்தை அடுத்த குழந்தைக்குத் தருவோம். காகிதத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. இன்றும் அதை யாரிடமாவது விளக்கினால் தலையாட்டுவார்கள்.

குழந்தைகளைத் தொட்டிலில் ஏற்றுவது தெரேஸின் வேலை. முள்ளைப் பார்த்து அட்டையில் எழுதுவது என் வேலை. ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையையும் அவர் ஒரு நிமிஷமாவது இடுப்பில் வைத்துக்கொள்வார். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் அதன் மேல்கையைச் சுற்றிப் பிடித்துப் பார்ப்பார். வரிசை நீண்டுகொண்டே போகும். நான் பேனாவைத் தட்டுவேன். "முதல்ல நீங்க ஒரு தடவ தூக்கிப் பாருங்க சார், அப்புறம் முள்ளப் பாருங்க," என்பார். ஒவ்வொரு மாதமும் சொல்வார். நான் சிரித்துவிட்டு முள்ளைப் பார்ப்பேன். வெள்ளைச் சட்டையில் மூக்குச்சளி ஒட்டும் என்ற பயமும் எனக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வெள்ளைக்காரர் வந்த கதையை விட முடியாது. பணம் அனுப்பும் அமைப்பிலிருந்து ஒருவர் வந்தார். கொட்டகையில் கூடியிருந்த மீனவர்களிடம் பிரெஞ்சில் நீளமாகப் பேசினார். ஒருவனுக்கு மீனைக் கொடுத்தால் ஒருநாள்தான் பசி தீரும், மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் ஆயுசுக்கும் தீரும் என்பது பேச்சின் சாரம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பால்குடிக்கும் வயதிலேயே அலையில் விழுந்து எழுந்தவர்கள். மொழிபெயர்க்க வேண்டியவர் தெரேஸ். அவர் ஒரு நிமிஷம் மணலைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "கடலுக்குப் போறவங்க எல்லாம் பத்திரமா திரும்பி வரணும்னு இந்த மிசியே வேண்டிக்கிறாரு," என்றார். மீனவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வந்தவர் நெகிழ்ந்துபோய்ப் பெட்டியிலிருந்து சாக்லெட் எடுத்துக் கொடுத்தார். எனக்கும் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும் என்பதை அவர் போகும்வரை நான் காட்டிக்கொள்ளவில்லை.

எல்லா விஷயத்திலும் அவரே சரி என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. அட்டைக்காக நான் வீடு வீடாக நடந்தபோது, குப்பத்தின் வடக்குக் கோடியில் ஒரு குடிசையில் இரண்டு பிள்ளைகளைக் கண்டுபிடித்தேன். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். தாய் வெளியே வரக் கூச்சப்பட்டுப் பிள்ளைகளையும் கொட்டகைக்கு அனுப்பாமல் இருந்தாள். தெரேஸ் அந்தப் பிள்ளைகளைத் தூக்கிவந்தார். "வந்து குந்தறவங்களத்தான் நான் பாத்துக்கினு இருந்தேன். வராதவங்களப் பாக்கல. இது உங்க கணக்குக்குத்தான் கெடச்சுது சார்," என்றார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆறு மாதத்தில் உண்மை வெளியே வந்தது. எடை பார்க்கும் நாளுக்கு முன் இரண்டு மூன்று நாட்கள் தாய்மார்கள் குழந்தைக்குச் சோற்றைக் குறைத்தார்கள். குழந்தை தேறிவிட்டால் அட்டை போய்விடும், அட்டை போனால் வீட்டுக்குக் கிடைக்கும் கோதுமையும் நின்றுவிடும். தெரேஸ்தான் கண்டுபிடித்துச் சொன்னார். "தேறுற கொழந்தக்கி தண்டன குடுத்தா யாரு சார் தேற விடுவாங்க?" என்றார். நான் இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு விதியைத் தலைகீழாகத் திருப்பினேன். இனி எடை ஏறும் குழந்தையின் வீட்டுக்கு ஒரு படி கோதுமையும் ஒரு டப்பா எண்ணெயும் கூடுதலாக உண்டு. தேறுவதற்குப் பரிசு. இதைவிடச் சரியானது என்ன இருக்க முடியும்? வரைபடத்தில் கோடு மாதாமாதம் ஏறியது. நானே மசியில் வரைந்து அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்தேன்.

கடலோரத்துப் பெண்கள் கையில் எது எப்போதும் கிடைக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். வலையைத் தண்ணீரில் இறக்க அடியில் கட்டுவார்களே, ஈயக்குண்டு. கட்டைவிரல் பருமன்தான், ஆனால் நல்ல கனம். அதில் ஒன்றைக் குழந்தையின் இடுப்புத் துணி மடிப்பில் வைத்துத் தைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் இன்னொன்று. மழைக்காலத்தில் குளிருமே, துணியோடே நிறுக்கலாம் என்று சலுகை கொடுத்தவனும் நான்தான்.

நான் முள்ளைப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. தெரேஸ் தூக்கினார், முதல் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கட்டுமரம் கடலில் இறங்காது, குப்பத்தில் அடுப்பு எரியாது. அந்த ஒரு படி கோதுமையை நம்பி ஒரு வீட்டில் ஆறு பேர் இருப்பார்கள். ஏமாற்று என்று சொன்னால் அது நின்றுபோகும். ஆகவே எந்தக் குழந்தையிடம் எத்தனை குண்டு என்று தன் மனசுக்குள் வைத்துக்கொண்டு, குண்டு கட்டிய குழந்தைகளுக்கு இரண்டு கரண்டி கூட ஊற்றினார். இளைக்கிற குழந்தையைத் தானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். அவர் கை இருந்தவரையில் அந்தப் பொய்யால் ஒருவருக்கும் கெடுதி வரவில்லை.

ஐப்பசி கடைசியில் தெரேஸுக்கு டைபாய்டு வந்தது. ஐந்து வாரம் படுக்கை. தூக்குவதற்கு வேறொரு பெண் வந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

கன்னியம்மாவின் மகள் செல்விக்கு அப்போது இரண்டு வயது. தெரேஸ் படுத்தபோது அவள் இடுப்பில் இரண்டு குண்டு இருந்தது. கார்த்திகை மாத எடைக்கு ஐந்தாகிவிட்டது. அட்டையில் நான் ஏழு கிலோ அறுநூறு என்று எழுதினேன். போன மாதத்தைவிட நூறு கிராம் அதிகம். பரிசுப் பட்டியலில் பெயரைச் சேர்த்தேன்.

அதற்கு நாலு நாள் கழித்து கன்னியம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. "கொழந்த சரியில்ல சார். வயித்தால போயிக்கினே இருக்குது," என்றார். நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. அடுக்கிலிருந்து செல்வியின் அட்டையை எடுத்து அவரிடம் நீட்டி, விரலால் கோட்டைத் தொட்டுக் காட்டினேன். "பாரும்மா, ஏறித்தான் இருக்கு. மழைக்காலத்துல எல்லாருக்கும் வர்றதுதான். பயப்படாதே," என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். ஒரு கை குழந்தையின் இடுப்புப் பக்கம் போனது, பிறகு இறங்கிவிட்டது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மழையிலேயே போனார்.

செல்வி மூன்றாம் நாள் செத்துப்போனாள். குளிப்பாட்ட இடுப்புத் துணியை அவிழ்த்தபோது தையல் விட்டு ஐந்து குண்டும் தரையில் விழுந்தன என்று பிறகு சொன்னார்கள். நான் அங்கே இல்லை. போகத் தைரியம் வரவில்லை.

தெரேஸ் எழுந்து நடக்கத் தொடங்கிய அன்றே கொட்டகைக்கு வந்தார். தலைமுடி கொட்டிப்போய், புடவை உடம்பில் நிற்காமல் இருந்தார். என்னிடம் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஐந்து ஈயக்குண்டுகளை மேஜைமேல் வைத்தார். எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார்.

"எனக்குத் தெரியும் சார். நான்தான் சொல்லல. படுக்கும்போதாவது யாராண்டயாவது சொல்லியிருக்கணும். நீங்க பொய்ய நம்பினீங்க, நான் உண்மைய மறைச்சேன். ரெண்டுல எது பெருசுன்னு சாமிகிட்டதான் கேக்கணும்."

குண்டுகளை மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார். செல்வியின் அட்டையைக் கேட்டு வாங்கினார். நான் மையால் எழுதியிருந்த ஏழு கிலோ அறுநூறுக்குப் பக்கத்தில், பென்சிலால் ஏழு என்று எழுதினார். ஏழு கிலோ. அட்டையில் ஏறிய குழந்தை உண்மையில் இறங்கிக்கொண்டிருந்தாள். "இத மையில எழுதி, கையெழுத்துப் போட்டு, உங்க அறிக்கையோட அனுப்புங்க சார்," என்றார். "கன்னியம்மா பேரு வேணாம். எம் பேரும் உங்க பேரும் போதும். வேற எந்த ஊர்லயாவது இதே மாதிரி பரிசு வெச்சிக்கினு இருப்பாங்க. அவங்களுக்குத் தெரியட்டும்."

நான் மறுத்தேன். அனுப்பினால் கொட்டகையை மூடிவிடுவார்கள், குப்பத்துப் பெண்களுக்கு ஏமாற்றுக்காரர்கள் என்று பெயர் வரும், இருக்கிற குழந்தைகளுக்கும் கஞ்சி நின்றுபோகும் என்று அடுக்கினேன். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். என் வேலையும் போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்டுவிட்டு, "கோதும நின்னுபூடும்னுதான் நானும் சொல்லாம இருந்தேன். நான் பண்ண தப்பையே இப்ப நீங்க பண்றீங்க சார்," என்றார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அட்டையை என் மேஜைமேல் வைத்துவிட்டு அண்டா பக்கம் போய்விட்டார்.

நான் டைப் அடித்த அறிக்கையோடு வரைபடத்தை அனுப்பினேன். குழந்தைகள் எடை ஏறியிருப்பதாகப் பாராட்டிக் கடிதம் வந்தது. அடுத்த வருடம் வேறு வேலை கிடைத்து விலகினேன்.

தராசைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு தெரேஸ் பழையபடி வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினார். ஆனால் மாதம் ஒருமுறை வராத வீடுகளைத் தேடி நடக்கவும் செய்தார். என்னிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். வெளிநாட்டுக் கோதுமை நின்றபிறகு மீன் விற்கும் பெண்கள் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து போட, அடுப்பு எரிந்தது. இதனால் வறுமை ஒழிந்ததா என்று கேட்டால் இல்லை. நானும் அவரும் சந்திக்கும்போதெல்லாம் இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம். அளக்காமல் எதையும் மாற்ற முடியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். செல்வியைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதில்லை.

அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், ஊர்வழக்கில் சொல்தா. அண்ணன் குடும்பத்தோடு பிரான்ஸில் இருக்கிறார். தெரேஸுக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு, கப்பலோ விமானமோ ஏறினால் போதும். வரச்சொல்லி அண்ணன் கடிதம்மேல் கடிதம் போட்டார். "அங்க போயி எந்தக் கொழந்தயத் தூக்குறது? எல்லாம் கொழுகொழுன்னு இருக்கும். எனக்கு இடுப்பு புடிச்சிக்கும்," என்று சிரித்துவிடுவார். கன்னியம்மா வீட்டைத் தாண்டி அவர் ஒருநாளும் போனதில்லை, உள்ளே போய்விட்டுத்தான் போவார். அடுத்தடுத்துப் பிறந்த கன்னியம்மாவின் பிள்ளைகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கிவந்தவர் அவர்தான். கடைசி இரண்டு மாதம் அவரைக் கன்னியம்மா பார்த்துக்கொண்டார். கல்லறைத் தோட்டத்தில் சவப்பெட்டியை இறக்கும்போது கயிற்றைப் பிடித்தவர்களில் பெண் அவர் ஒருவர்தான்.

அந்த அட்டையை நான் கிழித்துப் போடவில்லை, அனுப்பவும் இல்லை. மூன்று வீடு மாறியும் என் பெட்டிக்கு அடியிலேயே இருந்தது. அடக்கம் முடிந்து வந்த அன்று எடுத்துப் பார்த்தேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தது. அதன்மேல் மையால் ஏழு என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அறிக்கையை அனுப்ப இப்போது அந்த அலுவலகம் இல்லை. ஆகவே உங்களுக்கு அனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை கன்னியம்மா கூடையோடு வந்தார். இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார். எம் பேரையும் போடுங்க. நர்சம்மா வேணாம்னு சொன்னாங்கன்னா அது அவங்க மனசு," என்றார். அட்டையைக் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். முதலில் நான் எழுதியது, பிறகு தெரேஸ் எழுதியது.

கூடையை இறக்கி, என் மனைவி எடுத்துவைத்த சங்கராவின் செதிலைச் சீவத் தொடங்கினார். தலை நிமிராமலே சொன்னார்.

"ஏழுன்னா எவ்ளோன்னு எனக்குத் தெரியாது சார். ஆனா அவ கொறஞ்சிக்கினே வந்தது எனக்குத் தெரியும், நான் தூக்கினவ. அன்னிக்கி மழையில அவள உங்க கையில குடுக்கத்தான் எடுத்துக்கினு வந்தேன். வாயால சொல்ல பயம். தூக்கினீங்கன்னா நீங்களே கண்டுக்குவீங்கன்னு நெனச்சேன். நீங்க தூக்கவே இல்ல."

"இல்ல," என்றேன். "தூக்கல."

மீனைக் கழுவித் தட்டில் வைத்தார். அட்டையை அவரிடம் நீட்டினேன், அவருடைய மகளுடையதுதானே என்று. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தெரேஸ் எழுதிய இடம் எது என்று கேட்டு அதில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார். அவங்க உங்ககிட்டதானே குடுத்தாங்க."

என்னிடம்தான் இருக்கிறது.